25 லிட்டருக்குக் கீழே யார் காவல்?

கரி எஞ்சினுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. கார்டு லைனில் மீட்டர் கேஜ் வண்டி புகை கக்கிக்கொண்டு உளுந்தூர்பேட்டையைக் கடந்த காலத்தைப் பார்த்த தலைமுறை அதை இன்னும் பேசுகிறது; பார்க்காத தலைமுறை யூடியூபில் தேடுகிறது. சிலர் பார்ப்பதோடு நிற்பதில்லை. லேத் பட்டறையில் தாமிரத் தகட்டை வளைத்து, நிஜமாகவே நீராவியில் ஓடும் குட்டி எஞ்சினைச் செய்ய இறங்கிவிடுகிறார்கள். நல்ல ஆசைதான். பிஸ்டனிலோ சக்கரத்திலோ தப்பு நேர்ந்தால் வண்டி நகராது, அவ்வளவுதான். பாய்லரில் தப்பு நேர்ந்தால் ஆளே மிஞ்சமாட்டார்.

நெல் அவிக்கும் ஆலையோ சர்க்கரை ஆலையோ, அங்குள்ள பாய்லருக்குப் பதிவு எண் உண்டு, ஆய்வாளர் உண்டு, சான்று பெற்ற அட்டெண்டன்ட் உண்டு. 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போன பிறகு, 1864இல் வங்காளத்தில் முதல் சட்டம் வந்தது. 1923இல் அது நாடு முழுமைக்குமானது. 2025இல் புதுச் சட்டம் அந்த இடத்தைப் பிடித்தது. குன்னூர் மலை ஏறும் நீராவி எஞ்சின்கள் ரயில்வேயின் கையில் இருப்பதால், அவற்றை அந்தத் துறையே பார்த்துக்கொள்கிறது. ஆனால் 25 லிட்டருக்குக் குறைவான பாய்லர் சட்டத்தின் கணக்கிலேயே வராது. 5 அங்குலப் பாதையில் ஓடும் மாடல் எஞ்சினின் பாய்லர் பெரும்பாலும் சில லிட்டர்தான் கொள்ளும்.

சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். வீட்டு குக்கர் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தத்தில் விசில் அடிக்கிறது. மாடல் எஞ்சின் 6 கிலோவுக்கு மேல் வேலை செய்யும். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு சுமார் 165 டிகிரி. ஓடு கிழிந்தால் 3 கிலோ தண்ணீரில் எட்டில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகி, 600 லிட்டர் இடத்தை அடைக்கப் பாயும். எஞ்சின்மேல் குனிந்து உட்கார்ந்து ஓட்டுபவரின் முகம் ஒரு முழத் தொலைவில் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வீடியோ பார்த்து வேலை கற்பதுதான். ஈயப் பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும். 165 டிகிரியில் அதற்கு வலு ஏது? மூட்டுகளுக்கு வெள்ளிப் பற்றுதான் வேண்டும். கடையில் கிடைக்கிற பித்தளை ஃபிட்டிங்கை பாய்லரில் திருகினால், வெந்நீர் அதிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும், உள்ளே ஓட்டை விழுந்திருக்கும். அங்கே வெண்கலம்தான் போட வேண்டும். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து தகடு சூட்டில் வேகும்.

வாட்டர் கேஜ் கண்ணாடியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அடியிலுள்ள குழாயைத் திறந்தால் தண்ணீர் முழுக்க வடிய வேண்டும். மூடியதும் துள்ளி மேலேற வேண்டும். மெல்ல ஊர்ந்து ஏறினால் வழி அடைத்திருக்கிறது, கண்ணாடி காட்டுவது பொய். நெருப்புப் பெட்டியின் மேல்தகடு தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருக்கலாம்.

2001 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள மெடினா கண்காட்சி மைதானத்தில் நடந்தது இதுதான். ஆசைக்காகப் பராமரித்த பழைய நீராவி டிராக்டரில் தண்ணீர் குறைந்தது. அரித்து மெலிந்திருந்த மேல்தகடு தாங்கவில்லை. ஓட்டியவரும் மகனும் உட்பட 5 பேர் இறந்தார்கள். பொழுதுபோக்கு பாய்லர்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் ஒஹாயோவில் அதற்குப் பிறகே வந்தது.

பொழுதுபோக்குக்கும் சட்டமா, ஆர்வமே செத்துவிடும் என்பவர்கள் உண்டு. இருக்கட்டும், சோதனைக்குப் பெரிய செலவில்லை. பாய்லரில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தின் இரு மடங்குவரை ஏற்றி நிறுத்த வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. தண்ணீர் அமுங்காது, கிழிந்தாலும் பீய்ச்சலோடு போய்விடும். அதனால்தான் கம்ப்ரசர் காற்றை வைத்துச் சோதிப்பது கொலைபாதகம். அடுத்து நெருப்பை முழுவீச்சில் எரியவிட்டு, சேஃப்டி வால்வு திறந்த பிறகும் அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மாடல் எஞ்சின் சங்கங்களே இந்தச் சோதனைகளை நடத்திச் சான்று தருகின்றன. இங்கே அந்த வேலையை ஐடிஐக்களும் பாலிடெக்னிக்குகளும் செய்யலாம். பட்டறை இருக்கிறது, பம்பு இருக்கிறது, ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒரே நிபந்தனை: செய்தவரே தன் பாய்லருக்குச் சான்று எழுதிக்கொள்ளக் கூடாது. வேறொருவர் கையெழுத்திட்ட தாளைக் காட்டாத எஞ்சினுக்குப் பின்னால் உங்கள் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.