பரிசோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது?

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி அருகேயுள்ள விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்துப் போராடினர். விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அதே சாலையில் உள்ள தண்டலம் தொடங்கி ஒரகடம் வரை, ஒரே சமையற்கூடத்தை நம்பி ஏராளமானோர் உண்கின்றனர். ஆகவே, சமைத்த உணவில் கிருமிகளைச் சோதிப்பது பற்றிய வழிகாட்டுதல் இங்கு வெறும் ஏட்டு விவகாரம் அன்று.

உணவுப் பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றியவன் என்ற முறையில், களத்தில் இரண்டு சிக்கல்களை முதன்மையாகக் கருதுகிறேன்.

முதலாவது, காலம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், பகுப்பாய்வாளர் அறிக்கை தர 14 நாள் அவகாசம் அளிக்கிறது. மதியம் பரிமாறிய புளிசாதமோ மாலைக்குள் தீர்ந்துவிடும். மேலும், எண்ணெயில் சேர்த்த கலப்படம் எங்கும் ஒன்றுபோல் பரவியிருக்கும். கிருமி அண்டாவின் ஒரு பகுதியில் மட்டுமே பெருகியிருக்கலாம். அதனால்தான் ஒரே தொகுதியிலிருந்து 5 மாதிரிகள் எடுக்கும் முறை பின்பற்றப்படுகிறது. அவற்றையும் குளிர்நிலையில் கொண்டுசெல்லாவிட்டால், சமையற்கூடத்தில் இல்லாத எண்ணிக்கையை ஆய்வகம் காணும்.

இரண்டாவது, விளக்கம். சால்மோனெல்லா 25 கிராம் உணவில் அறவே இருக்கக் கூடாது, இதில் ஐயமில்லை. ஆனால் பேசிலஸ் சீரியஸ் அப்படியன்று. அரிசியில் இயல்பாகவே காணப்படும் அதன் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். சோறு நெடுநேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பிரிட்டனில் 2009-இல் வெளியான வழிகாட்டுதல், ஒரு கிராமில் இக்கிருமி 1,000-க்குக் கீழ் இருந்தால் நிறைவு, 1,00,000-ஐத் தாண்டினால் ஏற்கத்தகாதது, இடைப்பட்டது எல்லைநிலை என வகுத்தது. அந்த இடைநிலையே ஆய்வாளருக்குப் பயன்படுகிறது: வழக்குக்கு முன்பே, சமையல் முறையைத் திருத்த அது வழிகாட்டுகிறது.

நம் நுண்ணுயிர்த் தர அட்டவணைகள் பால், மீன், இறைச்சி எனப் பெரும்பாலும் பொருள்வாரியாக அமைந்தவை. தொழிற்சாலை உணவகத்தின் தட்டுக்கேற்ற, எந்த எண்ணிக்கைக்கு என்ன நடவடிக்கை என்று கூறும் கையேடு ஒன்று தமிழில் ஒவ்வொரு அலுவலரிடமும் சமையற்கூடப் பொறுப்பாளரிடமும் இருக்க வேண்டும்.

எனினும், எந்த ஆய்வகமும் வெப்பமானிக்கு மாற்றாகாது. சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மிகாமல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எளிய விதி. பரிசோதனை அறிக்கை நேற்றைய தவறைக் காட்டும். ஒவ்வொரு வேளையும் எழுதப்படும் வெப்பநிலைப் பதிவேடுதான் இன்று உண்பவரைக் காக்கும். ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவேட்டையே.