முதலில் சுழற்சி, பிறகு சூடு

வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போனால் முதல் கேள்வி, "எத்தனை கிலோ சார் பார்க்கறீங்க?" சென்னை அடுக்ககங்களில் மெஷினுக்கென்று ஒதுக்கும் யூட்டிலிட்டி பல வீடுகளில் நாலடிக்கு நாலடிகூடத் தேறாது. அந்த இடத்துக்கு வாங்குகிறவர் கிலோவைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, கடைசியில் துணியைப் பிழியும்போது டிரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும் என்பது. கொடி கட்ட இடமில்லாத வீட்டில் துவைப்பது பெரிய பிரச்சினையே அல்ல, காயவைப்பதுதான் பிரச்சினை.

24 செ.மீ. ஆரமுள்ள டிரம் ஒன்று 700 சுற்றில் ஓடினால், துணியிலுள்ள தண்ணீர் புவியீர்ப்பைப் போல் சுமார் 130 மடங்கு விசையோடு வெளியே தள்ளப்படும். வேகம் இரட்டித்து 1400 ஆனால் விசை நான்கு மடங்காகி 520-ஐத் தொடும். அதனால், உலர்ந்த நிலையில் 5 கிலோ உள்ள துணியில் 800 சுற்றுக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 1400-க்குப் பிறகு இரண்டரை லிட்டர்தான். வித்தியாசம் ஒரு லிட்டர். அதைச் சூடேற்றி ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். சுழற்றி வெளியேற்ற ஆகும் செலவோ அதில் சிறு பங்கு. டாப் லோடில் பெரும்பாலானவை 700, 800 சுற்றோடு நின்றுவிடும். ஃப்ரண்ட் லோடு 1000-இல் தொடங்கி 1400 வரை போகும். சின்ன இடத்துக்கு நான் ஃப்ரண்ட் லோடையே சொல்வேன். மூடியைத் திறக்க மேலே இடம் விட வேண்டாம், டிரையரையும் அதன் தலைமேல் ஏற்றலாம்.

டிரையர் எல்லோருக்கும் வேண்டுமா? காற்றோட்டமான பால்கனி இருந்தால் வேண்டாம். நன்றாகப் பிழிந்த துணி வெயில் காலத்தில் நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கைக்குழந்தையின் துணியை ஃபேனுக்கடியில் விரித்துவைத்துக் காத்திருப்பவர்களுக்கு டிரையரை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

டிரையரில் மூன்று வகை உண்டு. வென்டட் வகை ஹீட்டரால் காற்றைச் சூடாக்கித் துணிக்குள் விட்டு, ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். குழாயைச் சுவரில் துளையிட்டு வெளியே விட வழியில்லையென்றால் அந்த லிட்டர்கணக்கான ஈரம் அறைக்குள்தான் இறங்கும், பூஞ்சை பிடிக்கும். கண்டன்ஸர் வகை ஈரத்தைக் குளிரவைத்துத் தண்ணீராகத் தொட்டியில் பிடிக்கும், ஆனால் அறை சூடாகும். ஹீட் பம்ப் வகைக்குள் ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரஸர் இருக்கிறது. ஒரு பக்கம் காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்கும், அங்கே எடுத்த வெப்பத்தையே மறுபக்கம் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். ஹீட்டர் டிரையரின் மின்சாரத்தில் சுமார் பாதியே போதும். நேரம் கூடுதலாகும், விலையும் அதிகம். இருந்தாலும் மூடிய சிறு அறைக்கு இதுதான் சரி.

துவைப்பதும் காயவைப்பதும் ஒரே டிரம்மில் நடக்கும் வாஷர்-டிரையர் இடத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் 8 கிலோ துவைக்கும் மெஷின் 5 கிலோ அளவுதான் காயவைக்கும். மீதியைக் கையால் எடுத்தாக வேண்டும். ஈரத்தைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரையே இழுக்கும் மாடல்களும் நிறைய உண்டு. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

இனி டேப்பை எடுங்கள். ஃப்ரண்ட் லோடு பெரும்பாலும் 60 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம். கேட்லாகில் போட்டிருக்கும் ஆழத்தோடு பின்னால் ஹோஸ் வளைய ஒரு 10 செ.மீ. சேருங்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், யூட்டிலிட்டிக் கதவின் நிலை, மெஷின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது, இவை மூன்றையும் பார்க்காமல் வாங்கிவிட்டு மெஷினை ஹாலில் நிறுத்தியவர்கள் உண்டு. மேலே டிரையர் ஏற்றினால் உயரம் 170 செ.மீ. ஆகிவிடும். வீட்டில் துணி போடுகிறவருக்குப் பொத்தானும் டிரம்மும் எட்டுமா என்று அவரையே நிறுத்திப் பாருங்கள். இரண்டையும் இணைக்கும் ஸ்டாக்கிங் கிட் அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

மேல்மாடிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் நீரழுத்தம் கேட்கும், அதாவது குழாய்க்கு 3 மீட்டர் மேலே தண்ணீர் நிற்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் அது கிடைக்காமல் போகலாம். பிரஷர் பம்ப் வைக்க வேண்டியிருக்கும்.

யூட்டிலிட்டித் தரை ஜாலியை நோக்கிச் சரிந்துதான் இருக்கும். 1400 சுற்றில் சரிவில் நிற்கும் மெஷின் அதிர்ந்து நகர ஆரம்பிக்கும். நாலு காலையும் திருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, லாக் நட்டை இறுக்கச் சொல்லுங்கள். டிரம் ஆடாமலிருக்கப் பின்னால் போட்டு அனுப்பிய டிரான்ஸிட் போல்ட்டுகளை டெக்னீஷியன் கழற்றினாரா என்றும் பாருங்கள். கழற்றியவற்றைப் பையில் போட்டு மெஷின் புத்தகத்தோடு வையுங்கள். வாடகை வீடு மாறும்போது அவற்றைத் திரும்ப மாட்டித்தான் மெஷினை வண்டியில் ஏற்ற வேண்டும்.