பெரிய நிதி வேலைக்குச் சிக்கனமான கல்லூரி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் மும்பையில் நம்மவர்கள் வீடுகளில் என்ஜினியரிங், டாக்டர் என்று இரண்டு தண்டவாளத்தில்தான் பேச்சு ஓடும். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "இன்வெஸ்ட்மெண்ட் பாங்கிங் போகிறேன்" என்கிறார்கள் பிள்ளைகள். அது என்ன வேலை என்பது பெற்றோருக்குச் சரியாகப் புரிவதில்லை; கட்டணம் மட்டும் விளம்பரத்தைப் பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது. பி.எஃப். பணத்தை எடுக்கலாமா, ஊரிலிருக்கும் மனையை விற்கலாமா என்று மூன்று அன்பர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தண்டவாளம் பார்த்தவனிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்றால், என் பிள்ளைகள் இருவரும் இந்தத் துறைக்குப் போனவர்கள். அப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், இன்றைய நிலவரத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலீட்டு வங்கி என்பது நாம் டெபாசிட் போடும் வங்கி அல்ல. ஒரு கம்பெனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க நினைத்தாலோ, இன்னொரு கம்பெனியை வாங்க நினைத்தாலோ, அதன் மதிப்பைக் கணக்கிட்டு, பத்திரங்களைத் தயாரித்து, பணம் போடுபவரைக் கண்டுபிடித்துக் கொடுத்துத் தரகு பெறுவது அதன் தொழில். நம் ஊரில் ஒரு காலத்தில் நரிமன் பாயிண்ட்டில் இருந்த இந்த அலுவலகங்களில் பெரும்பாலானவை இப்போது பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸிலும் லோயர் பரேலிலும் இருக்கின்றன. சம்பளம் அதிகம். இரவு பன்னிரண்டு மணி வரை வேலை என்பதும் சாதாரணம்.

இந்தத் துறையில் எங்கே நுழைகிறோம் என்பதுதான் முக்கியம். டிப்ளமா முடித்து இரயில்வேயில் சேர்ந்த எங்களுக்கும், இந்தியப் பொறியியல் பணித் தேர்வு எழுதி அதிகாரியாக வந்தவர்களுக்கும் தண்டவாளத்தைப் பற்றிய ஞானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் நுழைந்த வாசல் வேறு. முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்த வித்தியாசம் போகாது. நிதித்துறையிலும் அப்படித்தான். கம்பெனிகள் சில கல்லூரிகளுக்கு மட்டுமே போய் ஆள் எடுக்கின்றன. மற்ற இடத்தில் படித்தவர் கெட்டிக்காரராயிருந்தாலும் சுற்று வழியாகத்தான் வர வேண்டும்.

ஆகவே கல்லூரியின் கட்டடத்தையோ, ஏ.சி. வகுப்பறையையோ பார்த்துப் பயனில்லை. யார் வந்து ஆள் எடுக்கிறார்கள், எந்த வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியை நம்மவர்கள் கேட்பதே இல்லை. வெளிநாட்டு வங்கிகள் பலவற்றுக்கு மும்பை, பெங்களூர், ஹைதராபாத் நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் அலுவலகங்கள் உள்ளன. அங்கே நடப்பதில் பெரும்பகுதி கணக்குச் சரிபார்ப்பு, ஆவண வேலை, கம்ப்யூட்டர் வேலை. கௌரவமான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கல்லூரி விளம்பரத்தில் வங்கியின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். வேலையின் பெயர் இருக்காது. "அதிகபட்சச் சம்பளம்" என்று போடுவதும் வீண். மாணவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் இந்தக் கணக்கைத் தணிக்கை செய்தே வெளியிடுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல வாசல்களில் பல மலிவானவை. தில்லியில் 1926இல் தொடங்கிய ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியில் பி.காம். படிக்க வருடக் கட்டணம் முப்பது நாற்பதாயிரம் ரூபாய் அளவில்தான். 2011இல் வணிகவியல் படிக்காத மாணவர்களுக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் கேட்டுப் பரபரப்பை உண்டாக்கிய கல்லூரி இது. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதில் தேர்வுத் தொல்லை! விடுதியில் இடம் குறைவு. கமலா நகரில் அறை எடுத்துத் தங்கினால் வாடகையும் சாப்பாடும் கல்லூரிக் கட்டணத்தைப் போல் சில மடங்கு ஆகும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்கில் உண்மையான ருசி உள்ள பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இந்தியப் புள்ளியியல் நிறுவனம். 1931இல் மஹலனோபிஸ் கல்கத்தாவில் தொடங்கியது. பி.ஸ்டாட். படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். வங்கிகளில் ஆபத்தைக் கணக்கிடும் வேலைக்கும், சிக்கலான பத்திரங்களுக்கு விலை போடும் வேலைக்கும் இங்கே படித்தவர்களுக்கு நல்ல மதிப்பு. நுழைவுத் தேர்வு கடினம். மனப்பாடம் செய்கிறவர்களுக்கு அங்கே வேலையில்லை.

பட்டம் முடித்த பிறகு எம்.பி.ஏ. என்றால், தில்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து இரண்டு, இரண்டரை லட்சத்தில் முடியும். பெரிய ஐ.ஐ.எம்.களில் அதே படிப்புக்கு 25 லட்சத்தை ஒட்டி ஆகிறது. நம் ஊரிலேயே சர்ச்கேட்டில் 1965இல் தொடங்கிய ஜம்னாலால் பஜாஜ் நிறுவனம் இருக்கிறது. கட்டணம் ஐ.ஐ.எம்.மில் ஒரு சிறு பங்குதான். மராட்டியத்தில் படித்து இருப்பிடச் சான்றிதழும் வைத்திருப்பவர்களுக்கே பெரும்பாலான இடங்கள். நம் பிள்ளைகள் பலர் இங்கேயே பிறந்து படித்தவர்கள். இந்தச் சலுகை தங்களுக்கும் உண்டு என்பதே சிலருக்குத் தெரிவதில்லை. டோம்பிவிலியிலிருந்து மாணவர் சீஸன் டிக்கெட்டில் போய் வரலாம், விடுதிச் செலவும் மிச்சம்.

சி.ஏ. படிப்பை இன்றைய பிள்ளைகள் பழைய காலத்துச் சமாசாரமாக நினைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பதிவுக் கட்டணம், புத்தகம், பயிற்சி வகுப்பு எல்லாம் சேர்த்தாலும் ஒரு தனியார் கல்லூரியின் ஒரு வருடக் கட்டணத்துக்குள் அடங்கலாம். 2023இல் வந்த புதிய முறைப்படி அலுவலகப் பயிற்சி மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. கம்பெனிகளை மதிப்பிடும் வேலைக்குச் சி.ஏ. முடித்தவர்களை முதலீட்டு வங்கிகள் எடுக்கின்றன. தேர்ச்சி விகிதம் குறைவு என்பதை மட்டும் மறைக்கக் கூடாது. அதனால் கூடவே ஒரு பி.காம். பட்டமும் கையில் இருக்கட்டும்.

பாரத ஸ்டேட் வங்கியில் தொடங்கி, 1985இல் ஐ.சி.ஐ.சி.ஐ. தலைவரான நம்மவர் என். வாகுல் காலத்தில் அரசு வங்கி அதிகாரி வேலையே பெரிய வாசலாயிருந்தது. இன்று அந்த வழியாக முதலீட்டு வங்கிக்குப் போவது அபூர்வம்.

விலை உயர்ந்த கல்லூரிதான் கிடைத்தது என்றால் கடன் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். 25 லட்சம் ரூபாய், பத்து சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 33,000. மொத்தம் ஏறக்குறைய 40 லட்சம் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. நடு மாணவரின் சம்பளம் மாதம் இரண்டு லட்சமென்றால் தாங்கும். நாற்பதாயிரமென்றால் தவணை கட்டிய பிறகு பிள்ளைக்கு மிஞ்சுவது ஏழாயிரம். மும்பையில் அதில் ஒரு கட்டில் வாடகைக்குக் கிடைப்பதே சிரமம். பல ஐ.ஐ.எம்.களில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். இடம் கிடைத்தவுடன் விண்ணப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில் அறிவித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ஜாமீனும் அடமானமும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் வருடத்துக்கு எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்தில் மூன்று சதவீத வட்டியை அரசே ஏற்கிறது. கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.