ரயிலுக்கு வந்த மரம், உலைக்கு நின்றது!

மடகாஸ்கர் தீவிலும் மூன்று வேளையும் சோறுதான். தலைநகர் அண்டனானரிவோவில் கேஸ் அடுப்பு உள்ள வீடுகள் குறைவு; பெரும்பாலான வீடுகளில் உலை கொதிப்பது கரி அடுப்பில். அந்தக் கரியில் பெரும்பகுதியைத் தருவது, தீவில் பிறக்காத ஒரு மரம். நம்மூரில் தைல மரம் என்கிறோமே, அந்த யூகலிப்டஸ்!

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த மரம் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மடகாஸ்கருக்கு வந்தது. 1896-ல் தீவைக் காலனியாக்கிய பிரெஞ்சுக்காரர்கள், தலைநகரையும் கிழக்குக் கடற்கரையையும் இணைக்க 1901-ல் ரயில் பாதை வேலையைத் தொடங்கினார்கள். மலையேறும் நீராவி இன்ஜினுக்கு விறகு வேண்டுமே? பாதையோரக் குன்றுகளில் யூகலிப்டஸை நட்டுத் தள்ளினார்கள்.

மலகாசி மொழியில் இதன் பெயர் 'கினினினா'. மலேரியாவுக்குத் தரும் கொய்னா ஞாபகம் வருகிறதா? காய்ச்சலை விரட்டும் மரம் என்று பல நாடுகளில் இதை நம்பிய காலம் அது.

அங்கே அதிகம் வளர்வது 'ரொபஸ்டா' வகை. (தைலத்துக்குப் பேர்போன நீலகிரி மரம் வேறு வகை.) வெட்டினாலும் இது சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும்; சில ஆண்டுகளில் மறுபடி வெட்டலாம். தாத்தா காலத்துக் கட்டையில் பேரன் விறகு வெட்டுகிறான்.

நீராவி இன்ஜின் போய் டீசல் வந்தது. மரங்கள் விவசாயிகளுக்குச் சோறு போட ஆரம்பித்தன. தலைநகருக்குக் கிழக்கே மஞ்சகண்ட்ரியானா பக்கம் போனால், சாலையோரம் வரிசையாகக் கரி மூட்டைகள். கம்புகளை அடுக்கி, மண்ணால் மூடி, நாள்கணக்கில் புகையவிடும் மூட்டம்தான். ஒரு கிலோ கரிக்கு ஆறேழு கிலோ விறகாவது கரைந்துவிடும். லாபகரமான தொழில் என்று சொல்ல முடியாது. ஆனால் நெல் தீர்ந்து, அடுத்த அறுவடை வராத மாதங்களில் கைக்குக் காசு தருவது இதுதான். பட்டா இல்லாத குன்றில், 'இது எங்கள் நிலம்' என்று காட்டவும் நட்ட மரமே சாட்சி.

மரத்தின் மீது புகார்களும் உண்டு. தண்ணீரை உறிஞ்சுகிறது, அடியில் மற்ற செடிகளை வளரவிடாது என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதே ரயில் பாதையில் உள்ள ஆண்டசிபே காட்டில், குரலெடுத்துப் பாடும் இந்திரி லெமூர்கள் வாழ்கின்றன. யூகலிப்டஸ் தோப்பு அவற்றுக்கு வீடாகாது. ஆனால் தலைநகரின் அடுப்புக்கு இந்தத் தோப்புகள் இல்லையென்றால், கோடரி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்?

தென்மேற்கில் உள்ள டோலியாரா நகரைப் பார்த்தால் தெரியும். மழை குறைந்த அந்த மண்ணில் ரொபஸ்டா செழிக்காது. அங்கே உலைக்குக் கரியாவது, உலகில் வேறெங்கும் இல்லாத முட்காட்டு மரங்கள்.