திறன்பெருக்கி உள்ளடங்கிய ஒலிக்கலவைக் கருவி

திறன்பெருக்கி உள்ளடங்கிய ஒலிக்கலவைக் கருவி என்பது பல ஒலிவாங்கிகளிலிருந்தும் இசைக்கருவிகளிலிருந்தும் வரும் மின் குறிப்பலைகளைக் கலக்கும் பகுதியையும், அவ்வாறு கலந்த குறிப்பலையை ஒலிபெருக்கிகளை இயக்கும் அளவுக்கு வலுப்படுத்தும் பகுதியையும் ஒரே பெட்டியில் கொண்ட மின்னணுக் கருவி ஆகும். மேடை ஒலியமைப்பாளர்களிடையே இது பவர்டு மிக்சர் என்று வழங்கப்படுகின்றது. யமாகாவின் இஎம்எக்ஸ், மேக்கியின் பிபிஎம் ஆகிய தொடர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சிறு அரங்குகள், பள்ளி விழாக்கள், வழிபாட்டுக் கூடங்கள் போன்ற இடங்களுக்கு இது ஏற்றது.

மூன்று மின்னழுத்த நிலைகள்

இக்கருவியின் இணைப்பு விதிகள் பெரும்பாலும் ஓர் அடிப்படையிலிருந்தே பிறக்கின்றன. மிகவும் வேறுபட்ட மூன்று மின்னழுத்த நிலைகள் இதில் ஒரே பெட்டியில் சந்திக்கின்றன.

1. ஒலிவாங்கி நிலை: 94 டெசிபெல் ஒலியழுத்தத்தில் சாதாரண இயங்குசுருள் ஒலிவாங்கி ஏறத்தாழ 2 மில்லிவோல்ட்டு மட்டுமே தருகின்றது.
2. லைன் நிலை: விசைப்பலகை, குறுந்தட்டு இயக்கி, கணினி போன்றவற்றின் வெளியீடு. தொழில்முறைக் கருவிகளில் இதன் பெயரளவு மதிப்பு 1.23 வோல்ட்டு, வீட்டுக் கருவிகளில் 0.316 வோல்ட்டு ஆகும்.
3. ஒலிபெருக்கி நிலை: 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 200 வாட்டு வழங்க 40 வோல்ட்டு மின்னழுத்தமும் 5 ஆம்பியர் மின்னோட்டமும் தேவை.

முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையே மின்னழுத்தத்தில் 20,000 மடங்கு வேறுபாடு உள்ளது. ஆயினும், பல கருவிகளில் இசைக்கருவி உள்ளீடு, லைன் வெளியீடு, ஒலிபெருக்கி வெளியீடு ஆகிய மூன்றுக்கும் ஒரே வடிவமுடைய 6.35 மி.மீ. துளைகளே இருக்கின்றன. எனவே துளையின் வடிவத்தை நம்பாது, அதன் அருகில் அச்சிடப்பட்டிருக்கும் பெயரைப் படித்த பின்னரே செருக வேண்டும். ஒலிபெருக்கி வெளியீட்டைத் தவறுதலாக மற்றொரு கருவியின் லைன் உள்ளீட்டுடனோ, தன்னுள்ளேயே திறன்பெருக்கியைக் கொண்ட ஒலிபெருக்கிப் பெட்டியுடனோ இணைத்தால் அக்கருவி பழுதடையக்கூடும்.

உள்ளீட்டு இணைப்புகள்

ஒலிவாங்கிகள் மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பிகளால் இணைக்கப்படுகின்றன. இவற்றில் முதல் முனை காப்புறைக்கும், இரண்டாம், மூன்றாம் முனைகள் ஒன்றுக்கொன்று எதிரான குறிப்பலைகளுக்கும் உரியவை. வழியில் புகும் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவில் புகுவதால், உள்ளீட்டுச் சுற்று அவற்றின் வேறுபாட்டை மட்டும் எடுக்கும்போது இரைச்சல் நீங்கிவிடுகின்றது. இதனால் 30 மீட்டருக்கு மேற்பட்ட வடத்தையும் பயன்படுத்த முடிகின்றது. இசைக்கருவிகளின் சமநிலையற்ற வடங்களுக்கு இப்பயன் இல்லை. நீண்ட தொலைவுக்கு டி.ஐ. பெட்டி வழியாக இணைப்பதே முறை.

மின்தேக்கி ஒலிவாங்கிகளுக்கு ஃபாண்டம் எனப்படும் 48 வோல்ட்டு மின்வழங்கல் தேவை. இதனை இயக்கும்போது பெரும் வெடிப்பொலி எழுமாதலால், முதன்மை ஒலிநிலையைச் சுழியில் வைத்த பின்னரே இயக்க வேண்டும்.

ஒலிபெருக்கிகளும் மின்மறுப்பும்

ஒவ்வொரு திறன்பெருக்கிக்கும் அது தாங்கக்கூடிய மிகக் குறைந்த மின்மறுப்பு உண்டு. இது பெரும்பாலும் 4 ஓம் எனக் கருவியின் பின்புறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஒன்றின் பின்புறத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொடுக்கும்போது அவை பக்க இணைப்பிலேயே அமைகின்றன. எனவே பெட்டிகள் கூடக் கூட மொத்த மின்மறுப்பு குறைகின்றது.

* 8 ஓம் பெட்டி ஒன்று: 8 ஓம்
* 8 ஓம் பெட்டிகள் இரண்டு: 4 ஓம்
* 8 ஓம் பெட்டி ஒன்றும் 4 ஓம் பெட்டி ஒன்றும்: 2.67 ஓம்
* 8 ஓம் பெட்டிகள் நான்கு: 2 ஓம்

4 ஓம் எல்லையுடைய வெளியீட்டில் கடைசி இரு அமைப்புகளையும் பயன்படுத்தக் கூடாது. அவ்வாறு பயன்படுத்தினால் மின்னோட்டம் மிகுந்து பாதுகாப்புச் சுற்று ஒலியைத் துண்டிக்கும். அல்லது வெளியீட்டுத் திரிதடையங்கள் வெப்பமுற்றுக் கெடும். இரு வெளியீட்டுத் துளைகள் உட்புறமாகவே பக்க இணைப்பில் உள்ள கருவிகளில், இரண்டிலும் செருகப்பட்ட பெட்டிகளைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். பல்மானி கொண்டு அளந்தால் 8 ஓம் ஒலிபெருக்கி ஏறத்தாழ 6 ஓம் காட்டும். அது நேர்மின்னோட்டத் தடையே தவிரப் பழுது அன்று.

தமிழகத்தின் ஊர்த் திருவிழாக்களில் காணப்படும் கூம்பு ஒலிபெருக்கிகள் பலவும் மின்மாற்றியுடன் 100 வோல்ட்டுத் தொடரில் இயங்குபவை. இவற்றை 4 அல்லது 8 ஓம் வெளியீட்டில் நேரடியாக இணைத்தல் பொருந்தாது.

ஒலிபெருக்கிக்குத் தடித்த இருகம்பி வடமே உகந்தது. 1.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் 20 மீட்டர் தொலைவுக்குப் போக்கும் வரவுமாக 40 மீட்டர் கம்பியின் தடை ஏறத்தாழ 0.46 ஓம் ஆகும். 4 ஓம் சுமையில் திறனின் பத்தில் ஒரு பங்கு வடத்திலேயே வெப்பமாக வீணாகின்றது. 2.5 சதுர மி.மீ. கம்பியில் இத்தடை 0.28 ஓமாகக் குறையும். மெல்லிய இசைக்கருவி வடம் இம்மின்னோட்டத்துக்கு ஏற்றதன்று. திருகிப் பூட்டப்படும் ஸ்பீக்கான் இணைப்பி இருப்பின் அதனையே தேர்ந்தெடுத்தல் நன்று.

மின்வழங்கலும் பாதுகாப்பும்

பாடுபவரின் உதடு ஒலிவாங்கியின் உலோக வலையைத் தொடுகின்றது. கை கிதார் கம்பியைத் தொடுகின்றது. இவ்விரண்டும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருந்தால் மின்னோட்டம் உடல் வழியே பாயும். 1972 மே 3 அன்று வேல்சின் சுவான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, புவித்தொடுப்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டபோது மேடையிலேயே மின்தாக்கி உயிரிழந்தார்.

ஒலிபெருக்கியில் உறுமல் ஒலி கேட்கும்போது சிலர் மூன்று முனைச் செருகியின் எர்த் கம்பியைத் துண்டித்து விடுவதுண்டு. இது எந்நிலையிலும் செய்யத்தகாதது. உறுமல் பெரும்பாலும் இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் புவித்தொடுப்புப் பெறுவதால் உண்டாகின்றது. மேடைக் கருவிகள் அனைத்துக்கும் ஒரே மின்முனையிலிருந்து மின்சாரம் வழங்கியும், டி.ஐ. பெட்டியில் உள்ள புவித்தொடுப்பு நீக்கும் விசையைப் பயன்படுத்தியும் இதனைத் தீர்க்கலாம். அவ்விசை குறிப்பலை வடத்தின் காப்புறையை மட்டுமே பிரிக்கின்றது. மின்வழங்கலின் பாதுகாப்பைக் குலைப்பதில்லை. 30 மில்லிஆம்பியர் கசிவு மின்னோட்டத் துண்டிப்பானைப் பொருத்துவது கூடுதல் பாதுகாப்பாகும்.

மின்னாக்கியிலிருந்தோ தற்காலிக மும்முனை இணைப்பிலிருந்தோ மின்சாரம் பெறும்போது, செருகுவதற்கு முன் மின்னழுத்தம் 230 வோல்ட்டு அளவில் உள்ளதா என அளக்க வேண்டும். நடுநிலைக் கம்பி விடுபட்டிருந்தால் அது 400 வோல்ட்டை நெருங்கக்கூடும்.

ஒலிநிலைகளை அமைத்தல்

1. எல்லா இணைப்புகளையும் கருவி நிறுத்தப்பட்ட நிலையிலேயே முடிக்க வேண்டும்.
2. முதன்மை ஒலிநிலையையும் எல்லாத் தடங்களின் ஒலிநிலைகளையும் சுழியில் வைத்து, இசைக்கருவிகளை முதலிலும் கலவைக் கருவியை இறுதியிலும் இயக்க வேண்டும். நிறுத்தும்போது இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.
3. பாடகரை நிகழ்ச்சியில் பாடும் அதே வலுவில் பாடச் செய்து, உச்சநிலை விளக்கு எப்போதாவது மின்னும் வரை கெயின் குமிழைக் கூட்டிப் பின்னர் சற்றே குறைக்க வேண்டும்.
4. குரல் தடங்களில் 80 முதல் 100 ஏர்ட்சுக்குக் கீழான அதிர்வெண்களை நீக்கும் வடிப்பி இருப்பின் அதனை இயக்க வேண்டும்.
5. அதன் பின்னரே தடங்களின் ஒலிநிலைகளையும், முதன்மை ஒலிநிலையையும் படிப்படியாக உயர்த்த வேண்டும்.

திறனை இரு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். எனவே எல்லையை எட்டிய கருவியை மேலும் உயர்த்துவதால் ஒலி குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. மாறாக, அலையின் முகடுகள் வெட்டப்பட்டு, உயர் அதிர்வெண் ஒலிபெருக்கிகள் எரிய நேரிடும்.

ஒலிப் பின்னூட்டு

ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து, சுற்றிச் சுற்றி வலுப்பெற்றுக் கூவலாக வெளிப்படுவது ஒலிப் பின்னூட்டு எனப்படும். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சனின் பெயரால் இது லார்சன் விளைவு எனவும் அழைக்கப்படுகின்றது. முதன்மை ஒலிபெருக்கிகளை ஒலிவாங்கிகளுக்கு முன்னால் அவையை நோக்கி வைப்பதும், இதயவடிவ ஒலிவாங்கியின் நேர் பின்புறத்தில் பாடகருக்கான ஒலிபெருக்கியை வைப்பதும், ஒலிவாங்கியை வாயருகே பிடிப்பதும் இதற்கான முதன்மைத் தீர்வுகளாகும். திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இரு மடங்காகும்போது பின்னூட்டின்றிப் பெறக்கூடிய ஒலியளவு 3 டெசிபெல் குறைவதால், பயன்படாதவற்றை மூடி வைக்க வேண்டும். இவற்றுக்குப் பின்னரும் கூவல் இருந்தால் மட்டுமே, அந்த அதிர்வெண்ணை ஈக்குவலைசரில் சற்றே குறைக்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* ஒலிவாங்கி
* ஒலிபெருக்கி
* மின்மறுப்பு
* டெசிபெல்