நிறுவு நிரலைப் பிரித்தெடுத்தல்: ஏஜெண்டுகளுக்கான செய்முறைக் குறிப்பு

பல கணிப்பொறிகளை ஒன்றாக இணைத்து, அவை யாவும் ஒரே பெரிய இயந்திரம்போல் வேலை செய்யுமாறு அமைப்பதைக் கிளஸ்டர், அதாவது கணிப்பொறித் தொகுதி என்பர். ஒன்று பழுதுற்றால் அதன் வேலையை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும். இத்தகைய தொகுதிகளை ஆளும் குபர்நெட்டிஸ் என்னும் மென்பொருளைக் கூகுள் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்டது. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஓப்பன்ஷிப்ட் இன்று அதனையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. 2019இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு முதல், தொகுதியை நிறுவுவதற்கென்றே தனி நிரல் ஒன்று வழங்கப்பட்டு வருகிறது.

இந்நிரலை எங்கிருந்து பெறுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஓப்பன்ஷிப்டின் ஒவ்வொரு வெளியீடும் ரிலீஸ் இமேஜ் எனப்படும் கட்டாக வருகிறது. அவ்வெளியீட்டைச் சேர்ந்த உறுப்புகளின் பட்டியலும், ஒவ்வோர் உறுப்பிற்கும் உரிய அடையாளக் குறியும் அதனுள் இருக்கும். அக்குறி எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறைப்படி உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் 64 எழுத்துகளாகும். உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினும் குறி வேறாகிவிடும். நிறுவு நிரல் தான் பிறந்த வெளியீட்டுடன் பிணைக்கப்பட்டது. வேறு கட்டளை இல்லாவிடில் அவ்வெளியீட்டையே அது நிறுவும். ஆகவே எந்தப் பதிப்பு வேண்டுமோ அந்தக் கட்டிலிருந்தே நிரலைப் பிரித்தெடுத்தல் முறையாகும். 'ஓசி' என்னும் கருவியின் 'ரிலீஸ் எக்ஸ்ட்ராக்ட்' கட்டளை இப்பணியைச் செய்கிறது.

முன்னர் இக்கருவிக்கான குறிப்பை மனிதர் மட்டுமே படித்தனர். இப்பொழுது, மொழி மாதிரியின் துணைகொண்டு தாமே கட்டளைகளை இயக்கும் ஏஜெண்டுகளும் படிக்கின்றன. அவற்றிற்கென 'ஏஜெண்ட்ஸ்' என்னும் பெயருடைய குறிப்புக் கோப்பொன்றை நிரல்களோடு வைக்கும் வழக்கம் 2025இல் பரவியது.

மனிதருக்கு எழுதிய குறிப்பே இவற்றிற்கும் போதாதோ எனச் சிலர் வினவக்கூடும். நிரம்பப் போதாது. செய்முறை நூல்களை மொழிபெயர்த்துப் பழகிய எனக்கு, 'தகுந்த அளவு சேர்க்க' என்னும் தொடரைக் கண்டாலே அச்சம் தோன்றும். அனுபவமுள்ள கள ஊழியர் அவ்விடத்தில் நின்று, பக்கத்திலிருப்பவரைக் கேட்பார். ஏஜெண்டோ பெரும்பாலும் ஏதேனும் ஓர் அளவை ஊகித்து மேலே சென்றுவிடும்.

'புதிய நிறுவு நிரலைப் பெறுக' என்று குறிப்பில் உள்ளதெனக் கொள்வோம். ஏஜெண்டு அன்றைய தினம் கிடைக்கும் மிகப் புதியதை எடுத்துவரும். தொகுதியும் பிழைச் செய்தி யாதுமின்றி எழுந்து நிற்கும். ஆனால் வேண்டியது 4.17, வந்திருப்பது 4.18. அதிலிருந்து இதற்கு இறக்கும் முறை ஆதரிக்கப்படுவதில்லை. தொகுதியை அழித்து மீண்டும் நிறுவ வேண்டியதுதான். எனவே முழுப் பதிப்பு எண்ணையோ, அதனினும் மேலாக 64 எழுத்துக் குறியையோ குறிப்பில் எழுதுதல் நலம். பெயர்ச்சீட்டை வேறொரு கட்டிற்கு மாற்றி ஒட்டலாம். இக்குறியை அவ்வாறு மாற்ற இயலாது.

வேலை செவ்வனே முடிந்ததை அறியும் வழியையும் எழுத வேண்டும். கோப்பு வந்து சேர்ந்தது என்பது மட்டும் சான்றாகாது. பிரித்தெடுத்த நிரலை 'வெர்ஷன்' என்னும் சொல்லுடன் இயக்கினால், அது தன் பதிப்பையும், தான் சார்ந்த ரிலீஸ் இமேஜின் குறியையும் காட்டும். அக்குறியும் நாம் கேட்ட குறியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் ஏஜெண்டு அங்கேயே நின்று மனிதரிடம் தெரிவிக்க வேண்டும். லினக்ஸுக்கு உரியதா, மாக் கணிப்பொறிக்கு உரியதா என்பதையும் முன்னரே சொல்லிவிடுவது நன்று.

கட்டைப் பெறுவதற்கு அனுமதிச் சான்றுக் கோப்பு ஒன்று தேவை. அக்கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். அதனைத் திறந்து உள்ளடக்கத்தைத் திரையிலோ பதிவேட்டிலோ காட்டலாகாது என்று வெளிப்படையாக எழுதுதல் அவசியம். மனிதருக்கு இதைச் சொல்ல வேண்டுவதில்லை என்று நாம் எண்ணுவதே வழக்கம்.

இனி, கோப்புறை. பிரித்தெடுத்த நிரலுக்கு ஓர் இடமும், நிறுவும் பணிக்கு வேறோர் இடமும் இருத்தல் வேண்டும். நிறுவு நிரல் தனக்குக் கொடுக்கப்பட்ட அமைப்புக் கோப்பை வேலையின்போது எடுத்துவிடும். ஆதலால் முன்னதாக ஒரு படி எடுத்து வைக்க வேண்டும். பின்பு 'மெட்டாடேட்டா' என்னும் சிறிய கோப்பை நிரல் எழுதி வைக்கும். பிற்காலத்தில் தொகுதியை அழிக்க முற்படும்போது, எந்தெந்தப் பொருள்கள் அதனைச் சேர்ந்தவை என்பதை இக்கோப்பைக் கொண்டே நிரல் அறிகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, பணி முடிந்தபின் 'தேவையற்றவற்றை அகற்றுக' என்றும் எழுதியிருந்தால், ஏஜெண்டு கோப்புறை முழுவதையும் துடைத்துவிடக்கூடும். அதன் பின்னர் வாடகைக்கு எடுத்த கணிப்பொறிகள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும், கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கையால்தான் நிறுத்த நேரிடும்.