ஜப்பானின் கோடை விழாக்களும் கடைத்தெரு வணிகர்களும்

திருவிழா என்றால் வியாபாரம் உண்டு என்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். ஆனால் விழா நடக்கும் இடத்துக்குச் சரக்கைக் கொண்டுபோய் விற்பது ஒன்று. வியாபாரம் மந்தமாக இருக்கும் காலத்தில் கடைக்காரர்களே ஒன்றுகூடி ஒரு விழாவை எடுத்து நடத்துவது வேறொன்று. ஜப்பான் நாட்டின் கோடை விழாக்களில் இந்த இரண்டாவது வகை மிகுதி. அவ்விழாக்கள் எப்படித் தோன்றின, யார் செலவில் நடக்கின்றன, சிறு கடைகளுக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதை நம் வணிகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

கோடையும் நாள்காட்டியும்

ஜப்பானில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கோடைக்காலம். அந்நாட்டின் பெரும்பகுதியில் ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதிவரை மழையும் புழுக்கமும் இருக்கும். அதன்பிறகு கடும் வெயில். விழாக்களும் உல்லாசப் பயணங்களும் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் நெருக்கமாக வந்துவிடுகின்றன.

1873-ஆம் ஆண்டு ஜப்பான் தனது பழைய சந்திர நாள்காட்டியைக் கைவிட்டு ஆங்கில நாள்காட்டிக்கு மாறியது. இதனால் ஒரே பண்டிகை ஊருக்கு ஊர் வெவ்வேறு தேதியில் வருகிறது. முன்னோர்களை வரவேற்று வழிபடும் 'ஓபோன்' பண்டிகை டோக்கியோவில் ஜூலை நடுவிலும், நாட்டின் மற்ற பல பகுதிகளில் ஆகஸ்டு 13 முதல் 16 வரையிலும் கொண்டாடப்படுகிறது. நட்சத்திரத் திருநாளான 'தனபாதா' சில ஊர்களில் ஜூலை 7-இல் வரும். சில ஊர்களில் ஒரு மாதம் தள்ளி வரும். நாடு முழுவதும் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு இது வசதியான ஏற்பாடு. ஒரு வட்டாரத்தில் விற்பனை ஓய்கிற நேரத்தில் இன்னொரு வட்டாரத்தில் தொடங்கிவிடுகிறது.

கியோட்டோ வணிகர்களின் தேர்த் திருவிழா

கோடை விழாக்களில் மிகப் புகழ்பெற்றது கியோட்டோ நகரின் 'கியோன்' விழா. கி.பி. 869-இல் கொள்ளைநோய் பரவியபோது, அந்நோய் நீங்க வேண்டி 66 ஈட்டிகளை நாட்டி வழிபட்டதிலிருந்து இது தொடங்கியதாகச் சொல்வார்கள். யாசகா ஆலயத்தைச் சேர்ந்த இவ்விழா ஜூலை மாதம் முழுவதும் நடக்கிறது. ஜூலை 17, 24 ஆகிய இரு நாட்களில் தேர் ஊர்வலம். பெரிய தேர்கள் உச்சிவரை 25 மீட்டர் உயரமும் 12 டன் எடையும் கொண்டவை. தேரின் சட்டத்தை ஆணி அடிக்காமல் கயிற்றால் வரிந்து கட்டியே நிறுத்துகிறார்கள்.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான்: இந்தத் தேர்கள் அரசருக்கோ ஆலயத்துக்கோ சொந்தமானவை அல்ல. ஒவ்வொரு தேரும் ஒரு தெருவுக்கு உரியது. தேரைக் காப்பதும் அலங்கரிப்பதும் பழுது பார்ப்பதும் அந்தத் தெருக்காரர்களின் பொறுப்பு. அக்காலத்தில் அத்தெருக்களில் வாழ்ந்தவர்களில் ஜவுளி வணிகர்களும் கைத்தொழில் செய்வோரும் மிகுதி. 1467 முதல் 1477 வரை நடந்த உள்நாட்டுப் போரில் நகரம் பாழாகி விழா நின்றுபோனது. 1500-ஆம் ஆண்டில் அதை மீண்டும் நடத்திக் காட்டியவர்கள் நகர மக்களே. 1533-இல் ஆலயச் சடங்குகளை நிறுத்தும்படி மேலிடத்து உத்தரவு வந்தபோது, சடங்கு இல்லாவிட்டாலும் தேரையாவது ஓட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டதாக வரலாறு கூறுகிறது.

தேர்களின் மேல் தொங்கும் விரிப்புகளைப் பார்த்தாலே அந்த வணிகர்களின் கொள்முதல் எத்தனை தூரம் எட்டியது என்பது விளங்கும். பெல்ஜியத்தில் 16-ஆம் நூற்றாண்டில் நெய்த திரைச்சீலைகளும், பாரசீகக் கம்பளங்களும், இந்தியக் கம்பளங்களும், இந்திய அச்சுத் துணிகளும் அவற்றில் உண்டு. அந்நாளில் டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் சோழமண்டலக் கரைத் துணிகளை ஜப்பானுக்குக் கொண்டுசென்றன. கோடு போட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சாந்தோமே'. நம் சென்னையின் சாந்தோம்தான் அந்தப் பெயருக்கு மூலம்.

வாகன நெரிசல் முதலிய காரணங்களால் 1966-இல் இரு ஊர்வலங்களும் ஒன்றாக்கப்பட்டன. 2014-இல் மறுபடியும் பழையபடி இரண்டாகப் பிரிக்கப்பட்டன. யுனெஸ்கோ 2009-இல் இந்தத் தேர் ஊர்வலத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மந்தத்தைப் போக்க வந்த விழா

வடகிழக்கில் உள்ள செண்டாய் நகரின் தனபாதா விழா கடைத்தெருக்காரர்களுக்கென்றே பிறந்தது போன்றது. பழைய வழக்கமான இது நாளடைவில் மங்கிப்போயிருந்தது. 1927-இல் பொருளாதார மந்தம் நிலவியபோது, அந்நகர வணிகர்கள் சிலர் கடைவாசலில் மூங்கில் நட்டு, காகித அலங்காரம் செய்து, விழாவுக்கு மறுவாழ்வு தந்தார்கள். கூட்டம் வந்தது, வியாபாரமும் வந்தது. பின்னர் போர்க்காலத்தில் விழா நின்றது. குண்டுவீச்சில் எரிந்துபோன நகரில், போர் முடிந்த மறு ஆண்டான 1946-இல், 52 மூங்கில்களோடு கடைக்காரர்கள் மீண்டும் தொடங்கினார்கள். இன்று ஆகஸ்டு 6 முதல் 8 வரை நடக்கும் இவ்விழா ஜப்பானின் பெருவிழாக்களுள் ஒன்று.

அங்கே மூங்கிலில் கட்டும் அலங்காரங்கள் ஏழு வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. கல்வி வேண்டி எழுதும் காகிதச் சீட்டு, நீண்ட ஆயுள் வேண்டிக் கட்டும் காகிதக் கொக்கு, மீன்வளம் வேண்டி வலை, இப்படிப் போகிறது வரிசை. இவற்றுள் சுருக்குப்பை வடிவம் சிக்கனத்துக்கும் வியாபார விருத்திக்கும் உரியது. குப்பைக்கூடை வடிவமும் ஒன்று உண்டு. மற்ற அலங்காரங்களை வெட்டும்போது விழுந்த துண்டுக் காகிதங்களை அதற்குள் இடுவார்கள். சுத்தத்தையும், எதையும் வீணாக்காத குணத்தையும் அது நினைவூட்டுகிறது.

டோக்கியோவிலும் இப்படி நடந்ததுண்டு. அசகாயா என்னும் கடைத்தெருவில் 1954-இல் தனபாதா விழா தொடங்கினார்கள். பக்கத்து வட்டாரமான கோஎன்ஜியின் கடைத்தெரு இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. டோக்குஷிமா பகுதிக்கு உரிய 'ஆவா' நடனத்தைத் தங்கள் தெருவில் 1957-இல் ஆடத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் முறையாக ஆடத் தெரியாமலேதான் ஆடினார்கள். பின்னர் கற்றுக்கொண்டார்கள். இன்று ஆகஸ்டு கடைசியில் பல ஆயிரம்பேர் ஆடும் விழாவாக அது வளர்ந்துவிட்டது.

கடன் வசூலும் வேலையாட்களின் விடுமுறையும்

முற்கால ஜப்பானில் ஓபோன் பண்டிகை வணிகர்களுக்குக் கணக்குத் தீர்க்கும் காலமாகவும் இருந்தது. வாடிக்கையாளர்கள் பற்று எழுதிச் சரக்கு வாங்குவார்கள். ஓபோனிலும் ஆண்டு முடிவிலுமாக இருமுறை கடைக்காரர்கள் வீடு வீடாகச் சென்று வசூல் செய்வார்கள். வசூலாகாத கடனுக்கும், முடங்கிய முதலுக்கும் சேர்த்து விலையிலேயே ஏற்றி வைப்பது வழக்கம்.

இந்த வழக்கத்தை மாற்றியவர் மிட்சுயி தகதோஷி. எதோ எனப்பட்ட இன்றைய டோக்கியோவில் 1673-இல் எச்சிகோயா என்ற துணிக்கடையை அவர் தொடங்கினார். ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை, எல்லாருக்கும் ஒரே விலை என்பது அவர் வழி. முழுத் தானாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லாமல் வேண்டிய அளவு வெட்டியும் கொடுத்தார். கடன் நட்டம் இல்லாததால் விலையைக் குறைக்க அவரால் முடிந்தது. அந்தக் கடைதான் வளர்ந்து மிட்சுகோஷி என்னும் பெரும் பல்பொருள் அங்காடியாயிற்று.

கடைப் பையன்களின் நிலையையும் சொல்ல வேண்டும். சிறு வயதில் கடையில் சேர்ந்து அங்கேயே தங்கி வேலை கற்கும் பையன்களுக்கு ஆண்டில் இரண்டே நாட்கள்தான் விடுமுறை. முதல் மாதம் 16-ஆம் நாள் ஒன்று. ஓபோன் முடிந்து ஏழாம் மாதம் 16-ஆம் நாள் மற்றொன்று. அன்று முதலாளி புதுத்துணியும் கைச்செலவுக்குக் காசும் கொடுத்து அனுப்புவார். பக்கத்து ஊர்க்காரர்கள் தாய் தந்தையரைப் பார்க்கப் போவார்கள். தூரத்து ஊர்ப் பையன்கள் நாடகம், வேடிக்கை என்று சுற்றிவிட்டு வருவார்கள். வார விடுமுறை வந்தபின் அவ்வழக்கம் மறைந்தது. ஆனாலும் ஆகஸ்டு நடுவில் ஊருக்குப் போகும் கூட்டத்தால் ரயில்கள் நிரம்புவதும், பல கடைகள் சில நாட்கள் மூடியிருப்பதும் இன்றும் உள்ளன.

பரிசுச் சரக்கும் விலாங்கு மீனும்

கோடையில் 'சூகென்' என்ற பரிசு வழங்கும் பழக்கம் உண்டு. உறவினர், மேலதிகாரி, வணிகத் தொடர்புடையோர் ஆகியோருக்கு நன்றி தெரிவித்து அனுப்புவது இது. டோக்கியோ பக்கம் ஜூலை முதல் பாதியிலும், ஒசாகா பக்கம் ஆகஸ்டு நடுப்பகுதிவரையிலும் அனுப்புகிறார்கள். பரிசாகப் போவதில் பெரும்பாலானவை மளிகைச் சரக்குகளே: மெல்லிய உலர் சேமியா, சமையல் எண்ணெய், பழச்சாறு, பீர், தேநீர், இனிப்பு வகைகள். ஊழியர்களுக்குக் கோடைகால போனஸ் கிடைக்கும் காலமும் இதுவே. ஆயினும், இளைய தலைமுறையினரிடம் இப்பழக்கம் குறைந்து வருகிறது.

கோடையின் கடும் வெயிலில் குறிப்பிட்ட ஒரு நாளில் விலாங்கு மீன் சாப்பிடுவதும் வழக்கம். இதற்கு ஒரு கதை சொல்வார்கள். விலாங்கு குளிர்காலத்தை ஒட்டித்தான் கொழுத்துச் சுவையாக இருக்கும். கோடையில் விற்காது. ஒரு கடைக்காரர் 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஹிராகா கென்னாயிடம் யோசனை கேட்டாராம். இன்று அந்த நாள் என்று மட்டும் எழுதிக் கடைவாசலில் தொங்கவிடும்படி அவர் சொன்னாராம். கடை நிரம்பியதாம். கதை உண்மையோ இல்லையோ, வழக்கம் நிலைத்துவிட்டது.

ஆனால் ஒரே நாள் விற்பனைக்குச் சரக்கைக் குவிப்பதில் ஆபத்தும் உண்டு. மறுநாள் மிஞ்சியதைக் கேட்பார் இல்லை. ஜப்பானிய விலாங்கு அருகிவரும் இனம் என்று அந்நாட்டு அரசு 2013-இல் அறிவித்தது, விலையும் ஏறியது. 2019-இல் ஒரு பெரிய சங்கிலிக் கடை நிறுவனம், அந்நாளுக்கான விலாங்கு உணவை முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே தருவது என்று முடிவு செய்தது. மொத்த விற்பனை குறைந்தது. ஆனால் வீணாவது அதைவிடப் பெரிதும் குறைந்ததால் கடைகளின் கையில் நின்ற லாபம் கூடியது. பண்டிகைக்கால இருப்பைப் பற்றி யோசிக்கும் எந்த வணிகரும் இதைக் கவனிக்கலாம்.

மாலை உலாவும் தெருக்கடைகளும்

வெயில் தாழ்ந்தபின் காற்று வாங்கப் புறப்படுவது ஜப்பானியர் வழக்கம். டோக்கியோவின் சுமிதா ஆற்றில் பழைய நாள்காட்டிப்படி ஐந்தாம் மாதம் 28 முதல் எட்டாம் மாதம் 28 வரை மாலைப் படகு உலா அனுமதிக்கப்பட்டது. அந்தப் பருவத்தில் கரையோரக் கடைகள் இரவிலும் திறந்திருக்கும். வாணவேடிக்கைக்குப் பணம் போட்டவர்கள் கரையோர உணவு விடுதிக்காரர்களும் படகுக்காரர்களுமே. வருகிற கூட்டத்தால் அவர்கள் பிழைத்தார்கள். 1961-க்குப் பின் நின்றுபோன அந்த வேடிக்கை, 1978 முதல் மீண்டும் நடக்கிறது.

ஜூலையில் சிறு சந்தைகளும் கூடும். டோக்கியோவின் இரியா வட்டாரத்தில் 6 முதல் 8 வரை பூக்கொடித் தொட்டிகள் விற்கும் சந்தை. அசகுசா ஆலயத்தில் 9, 10 தேதிகளில், நம் சொடக்குத் தக்காளிக்கு உறவான ஒரு செடியின் சந்தை. அங்கே அன்று ஒருமுறை வழிபட்டால் 46,000 நாட்கள் வழிபட்ட பலன் என்பது நம்பிக்கை.

விழா நடக்கும் தெருக்களில் தள்ளுகடைகள் வரிசையாக நிற்கும். வறுத்த நூடுல்ஸ், துருவிய ஐஸ் மேல் பாகு ஊற்றியது, பஞ்சுமிட்டாய், பணியாரக் குழியில் சுடுவது போல் பேய்க்கணவாய்த் துண்டு வைத்துச் சுட்ட மாவு உருண்டை ஆகியவை அங்கே விற்கும். 'ராமுனே' என்ற பானமும் கிடைக்கும். நம்மூர்க் கோலி சோடா பாட்டில் போலவே கழுத்தில் கோலிக்குண்டு கொண்டது அது. இரண்டுக்கும் மூலம் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காட் என்பவர் அமைத்த பாட்டிலே.

செலவும் ஆபத்தும்

எல்லாம் நல்லபடியே நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2001 ஜூலை 21-இல் அகாஷி நகரில் வாணவேடிக்கை பார்க்க வந்த கூட்டம் நடைமேம்பாலத்தில் நெரிந்து 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் குழந்தைகள். 2013 ஆகஸ்டு 15-இல் ஃபுக்குசியாமா நகரில், ஒரு தெருக்கடையின் பெட்ரோல் கேனிலிருந்து தீப்பற்றி 3 பேர் இறந்தார்கள். 50-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதன்பின், கூட்டம் கூடும் விழாக்களில் நெருப்பு வைத்திருக்கும் கடைகள் தீயணைப்புக் கருவி வைத்திருக்க வேண்டும் என்று விதிகள் இறுக்கப்பட்டன.

பணக் கணக்கும் சிக்கலானது. ஆவா நடனத்தின் தாயகமான டோக்குஷிமாவில் விழாவை நடத்திவந்த சுற்றுலாச் சங்கத்துக்கு ஆண்டுக்காண்டு நட்டம் சேர்ந்து 40 கோடி யென்னைத் தாண்டியது. 2018-இல் அது திவாலானது. கூட்டம் லட்சக்கணக்கில் வந்தும் வரவு செலவு ஒழுங்காக இல்லாவிட்டால் விழாவே கடனாளி ஆகிவிடும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு கவலை ஆள் பற்றாக்குறை. பெரிய அங்காடிகள் திறப்பதைக் கட்டுப்படுத்த 1974-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 2000-இல் நீக்கப்பட்டது. ஊருக்கு வெளியே பெரிய அங்காடிகள் பெருகின. பல ஊர்களின் பழைய கடைத்தெருக்களில் ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கின்றன. கடை மூடினால் நன்கொடை போகிறது. மூங்கில் நடவும் தேர் இழுக்கவும் ஆள் கிடைப்பதில்லை. கியோட்டோவிலேயே வணிகர் வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் வந்துவிட்டதால், தேர் இழுக்க மாணவர்களும் தொண்டர்களும் வருகிறார்கள்.

ஆக, கடைத்தெரு நின்றால்தான் விழா நிற்கும். விழாவும் கடைத்தெருவைத் தாங்கும். செண்டாய் வணிகர்கள் 1927-இல் மந்தம் தானாகத் தீரட்டும் என்று காத்திருக்கவில்லை. அண்டைக் கடைக்காரரைப் போட்டியாளராக மட்டும் பார்க்காமல், சேர்ந்து மூங்கில் நட்டார்கள். ஒரு கடை தனியே செய்ய முடியாததைத் தெரு முழுதும் சேர்ந்தால் செய்யலாம். அதற்கு எழுதிவைத்த கணக்கும், பாதுகாப்பு ஏற்பாடும், அளவறிந்த கொள்முதலும் வேண்டும். சங்கமாகக் கூடியிருக்கும் நாம் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.